மின்னி பேயில் ஒதுங்கிய ஓரங்கள்

2022 ஜூன் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கு, போர்ட் பிளேர் மின்னி பே கரையில் முத்துகிருஷ்ணனின் இடது தோளும் இடது காதும் அரைக்கைச் சட்டையின் ஒரு பக்கமும் ஒதுங்கின. முத்துகிருஷ்ணனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர் அந்த நேரத்தில் டெலானிபூர் அரசுக் குடியிருப்பில் உட்கார்ந்து, தோசைக்குச் சட்னி போதாது என்று குறைப்பட்டுக்கொண்டிருந்தார். ஒதுங்கியது அவருடைய படத்தின் ஓரம். ஒரு முழ நீளம், நான்கு விரல் அகலம். காகிதமும் இல்லை, துணியும் இல்லை. தண்ணீரில் கிடந்தும் நனையவில்லை. பத்தடி தள்ளி அதே அளவில் இன்னொன்று கிடந்தது. அதில் ஒரு வாழைமரமும் யாரோ ஒரு பெண்ணின் முழங்கையும் இருந்தன. மெயின்லேண்டிலிருந்து புதிதாக வருகிறவர்கள் மின்னி பேயில் என்று சொன்னதும் ஒரு நிமிடம் தயங்குவார்கள். இதற்கும் பேய்க்கும் சம்பந்தமில்லை. இது வெறும் பே.

சட்டையை அடையாளம் கண்டவர்கள் இரண்டையும் சுருட்டிக்கொண்டுபோய் முத்துகிருஷ்ணனிடமே கொடுத்தார்கள். அவர் அதை எடுத்துக்கொண்டு நந்தகுமாரின் ஸ்டூடியோவுக்குப் போனார். பாஸ்போர்ட் படம், லேமினேஷன், ஜெராக்ஸ் என்று எல்லாம் செய்கிற கடை அது. நந்தகுமார் இரண்டு ஓரங்களையும் மேசையில் விரித்து, தன் போனில் முந்தின நாள் கல்யாணப் படம் ஒன்றைத் திறந்து பக்கத்தில் வைத்தார். படத்தில் நடுவில் இருந்தவர்கள் எல்லோரும் இருந்தார்கள். முத்துகிருஷ்ணன் மட்டும் பாதிதான் இருந்தார். "படுத்த படத்தை நிக்க வெக்கணும்னா ரெண்டு பக்கமும் அறுத்துத்தான் ஆகணும் சார். இன்ஸ்டாகிராமுக்கு நிக்கிற படம்தான் எடுப்பு" என்றார் நந்தகுமார். அறுத்தது எங்கே போகும் என்று முத்துகிருஷ்ணன் கேட்டார். "இத்தனை வருஷமா அதை யாரும் கேக்கலையே சார்."

அந்த வாரத்தில் பதினோரு ஓரங்கள் ஒதுங்கின. மாத முடிவில் வாரத்துக்கு நூறு என்றானது. குப்பை என்று எடுக்க வந்தவர்கள், மக்காததையும் எரியாததையும் குப்பை என்று எழுத முடியாது என்று திரும்பிப்போனார்கள். கடல்பொருள் என்று பார்க்க வந்தவர்கள், இதில் ஆட்கள் இருக்கிறார்கள், எங்களுக்கு மீன்தான் கணக்கு என்றார்கள். பிறகு யாரும் வரவில்லை. கரையில் நடக்கிறவர்கள் ஒதுங்கியதைப் பார்த்து, தெரிந்த முகமாக இருந்தால் எடுத்துக்கொண்டுபோய்ச் சேர்த்துவிடுவார்கள். தெரியாத முகம் என்றால் தென்னைமரத்தடியில் கல்லை வைத்து விட்டுவிடுவார்கள். இதெல்லாம் இரண்டு மாதத்தில் பழகிப்போனது. பழகாதது ஒன்றுதான், அதுதான் ஊரைக் கெடுத்தது.

கெடுத்தவர் நந்தகுமார் என்றுதான் சொல்ல வேண்டும், நல்ல எண்ணத்தில்தான் சொன்னார் என்றாலும். போன் தானாக அறுத்தால் நடுவை வைத்துக்கொண்டு இரண்டு பக்கமும் சமமாக அறுக்கும். ஆகவே ஓரம் ஜோடியாக ஒதுங்கும். ஒருவர் விரலை வைத்து படத்தை ஒரு பக்கமாகத் தள்ளி அறுத்தால் எல்லாம் ஒரே பக்கத்திலிருந்து போகும். ஆகவே எட்டு விரல் அகலத்தில் ஒன்று மட்டும் ஒதுங்கும். "ஜோடி வந்தா மெஷின். ஒத்தை வந்தா மனுஷன். பக்கா" என்று அவர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜோடி ஒதுங்கினால் சிரித்துவிட்டுப் போனார்கள். ஒத்தை ஒதுங்கினால் வீட்டுக்கு வீடு குசுகுசுத்தார்கள். யார் வெட்டியது என்பதைத் தமிழில் கேட்டால் சண்டையாகத் தெரிகிறது என்று எல்லோருக்கும் பொதுவான இந்தியில் "கிஸ்னே காட்டா?" என்று கேட்கத் தொடங்கி, வங்காளிகளும் தெலுங்கர்களும் மலையாளிகளும் மீன் மார்க்கெட்டில் அதையே வணக்கம்போலச் சொல்லிக்கொண்டார்கள். இருபது வருடம் ஒரே குவார்ட்டர்ஸில் பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்த இரண்டு குடும்பங்கள் ஒரு பிறந்தநாள் படத்தினால் மாற்றல் கேட்டு எழுதிக்கொடுத்தன. குழுப் படம் என்றால் ஓரத்தில் நிற்க ஆளில்லை. போட்டோக்காரர்கள் இரண்டு பிளாஸ்டிக் பூந்தொட்டிகளைக் கூடவே கொண்டுவந்து, பலிகொடுக்கிற மாதிரி இரண்டு ஓரத்திலும் வைத்தார்கள். அடுத்த வருடக் கோடையில் பூந்தொட்டிகள் மட்டும் முந்நூறுக்கு மேல் ஒதுங்கின. முத்துகிருஷ்ணன் மட்டும் வழக்கம்போல ஓரத்திலேயே நின்றார். நடுவில் நின்றால் கை எங்கே வைப்பது என்று தெரியவில்லை என்றார். அவருக்கு வந்த ஓரங்கள் எல்லாம் ஜோடி. தன்னை வேண்டுமென்று யாரும் வெட்டவில்லை என்ற திருப்தி அவருக்கு இருந்தது, இதுவரை இல்லாத திருப்தி.

இப்படி இரண்டு வருடம் போன பிறகுதான் வேதநாயகத்தின் வீட்டு விஷயம் வந்தது. வேதநாயகம் மின்னி பேயில் ஃபைபர் படகு வைத்திருப்பவர், திருச்செந்தூர்ப் பக்கத்துக் கடற்கரையிலிருந்து வந்தவர். 1997-இல் ஊருக்குப் போய் ரீத்தாவைக் கட்டிக்கொண்டு கப்பலில் கூட்டிவந்தார். ஒரே மகள் ஜோஸ்லின், பள்ளிக்கூடத்தில் எல்.கே.ஜி. டீச்சர். அவளுக்கு வடக்கே நடு அந்தமானில் ரங்கத்தில் ஐஸ் வியாபாரம் செய்கிற பென்னியைப் பேசி முடித்து, 2024 செப்டம்பரில் அங்கேயே நிச்சயம் நடந்தது. நிச்சயத்தன்று ஒரு படம் எடுத்தார்கள். ஜோஸ்லினும் பென்னியும் கையைப் பிடித்துக்கொண்டு நடுவில்தான் நின்றார்கள். பென்னியின் வீட்டு ஆட்கள் ஒவ்வொருவராக அவனுடைய வலது பக்கம் வந்து சேரச் சேர, ஜோஸ்லின் நகர்ந்து இடது ஓரத்துக்குப் போய்விட்டாள். போர்ட் பிளேர்ப் பெண்ணுக்கு ஓரத்தின் ஆபத்து தெரியும். புதுச் சம்பந்திகளிடம் எப்படிச் சொல்வது என்று பேசாமல் நின்றாள்.

அக்டோபர் ஆறாம் தேதி ஞாயிறு பூசையில் முதல் ஓலை வாசித்தார்கள். கிறிஸ்தவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு மூன்று ஞாயிறு இப்படி ஓலை வாசித்து, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று கோயிலில் கேட்பது வழக்கம். செவ்வாய்க்கிழமை காலை வேதநாயகம் படகைத் தள்ளும்போது காலில் ஒன்று தட்டியது. எட்டு விரல் அகலம். ஒத்தை. அதில் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு, தலைமுதல் கால்வரை, அவர் மகள் நின்றாள். வலது கையில் மட்டும் நான்கு விரல்கள் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்து விரித்தார். ஜோஸ்லின் தன்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு போனை எடுத்தாள். கல்யாணத்துக்கென்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் தொடங்கி வைத்திருந்தார்கள். அதில் நிச்சயப் படம் நிமிர்ந்து நின்றது. பென்னி இருந்தான், அவன் அம்மா, அக்கா, மாமா எல்லோரும் இருந்தார்கள். பென்னியின் கையில் யாருடையதும் இல்லாத நான்கு விரல்கள் இருந்தன. மோதிரம் அதில் ஒன்றில் மின்னியது. நூற்றுநாற்பது பேர் இதயம் போட்டிருந்தார்கள், ஒருவரும் விரலைக் கவனிக்கவில்லை.

"யாருட்டி வெட்டுனது?" என்று வேதநாயகம் வீட்டைப் பார்த்துப் பொதுவாகக் கேட்டார். முதலில் பதில் சொன்னவள் ரீத்தா. "அவிய ஆளுவளாத்தான் இருக்கும். வேற யாரு."

அந்தப் பக்கத்தின் ரகசியச் சொல் நான்கு பேருக்குத் தெரியும்: பென்னி, பென்னியின் அக்கா, ஜோஸ்லின், ரீத்தா. ரீத்தாவின் போனில்தான் அதைத் தொடங்கினார்கள். நான்கு பேரில் ரீத்தாவை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பெற்றவள் என்று விட்டுவிட்டார்கள். சந்தேகப்படுவதில் இவ்வளவு தேறிய ஊர் அந்த ஒரு இடத்தில் கோட்டை விட்டது. முத்துகிருஷ்ணன் தானாகவே அளவு நாடாவோடு வந்து ஓரத்தை அளந்து, சுத்தமான ஒத்தை, மறுபக்கத்தில் ஒரு நூல்கூட அறுபடவில்லை, நிதானமாக உட்கார்ந்து தள்ளியிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன பிறகு ஜோஸ்லின் சாப்பிடவில்லை.

வியாழக்கிழமை வேதநாயகம் ரங்கத்துக்கு பஸ் ஏறினார். ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் துணையோடு பழங்குடிகள் வாழும் காட்டுக்குள் விடுவார்கள். அந்த வழியில் படம் எடுக்கத் தடை. இந்தத் தீவில் யாரும் யாரையும் வெட்ட முடியாத ஒரே பாதை அதுதான். ரங்கத்தில் பென்னி நேராகவே பேசினான். "மாமா, நான் ஞாயித்துக்கெழம சாயங்காலம் படுக்க வெச்சுத்தான் போட்டேன், முழுப் படமா. காலைல பார்த்தா நிக்குது." இதை எப்படி நம்புவது என்று வேதநாயகத்துக்குத் தெரியவில்லை. படம் தானாக எழுந்து நிற்குமா? பென்னியின் அம்மா காப்பி கொடுத்துவிட்டு, மெதுவாக ஒன்றைச் சொன்னாள். "ஒங்க மகளே தன்னை வெட்டிக்கிட்டாளோ என்னமோ. இஷ்டமில்லன்னா வாயால சொல்லலாம்ல." வேதநாயகம் காப்பியைப் பாதியில் வைத்துவிட்டுத் திரும்பினார்.

பதின்மூன்றாம் தேதி இரண்டாம் ஓலை வாசித்தார்கள். அதற்குள் இரண்டு ஊருக்கும் இரண்டு கதை தயாராகிவிட்டது. போர்ட் பிளேர்க் கதையில் பென்னிக்கு ரங்கத்திலேயே வேறொருத்தி இருந்தாள். ரங்கத்துக் கதையில் ஜோஸ்லினுக்கு மெயின்லேண்டில் ஒருவன் இருந்தான். இரண்டு பேருக்கும் யாரும் இல்லை என்பதுதான் உண்மை, அதற்கு மட்டும் கேட்க ஆளில்லை. புதன்கிழமை பென்னி போன் செய்தான். இந்தத் தீவுகளில் எல்லாவற்றையும் அவரவர் பாஷையில் கேட்பார்கள், உண்மையைச் சொல் என்பதை மட்டும் இந்தியில்தான் கேட்பார்கள்.

"சச் போல் ஜோஸ். நீயா வெட்டுன?"

"நீங்க வெட்டிட்டு என்னைக் கேக்குறீங்களா?"

இணைப்பு நான்கு நிமிடம் அப்படியே இருந்தது, பிறகு நெட்வொர்க் போய்விட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ரீத்தா மீன் ஆய்ந்துகொண்டிருக்கும்போது ஜோஸ்லின் வந்து பக்கத்தில் நின்றாள். நாளைக்கு மூன்றாம் ஓலை வாசிக்கும்போது தானே எழுந்து தடை சொல்லப்போவதாகச் சொன்னாள். "கல்யாணத்துக்கு முந்தியே என்னை வெட்டி எறிஞ்சவங்க வீட்டுக்கு நான் போகமாட்டேம்மா." அழவில்லை, குரலும் உயரவில்லை. முடிவு செய்துவிட்ட பெண்ணின் பேச்சு அது. ரீத்தா தலை நிமிராமல் இன்னும் மூன்று மீன் ஆய்ந்தாள். ஆய்ந்த மீனையே திரும்ப ஆய்ந்தாள்.

மறுநாள் கோயில் நிறைந்திருந்தது. பாதிப்பேர் பூசைக்கு வந்தவர்கள், பாதிப்பேர் இதற்கென்றே வந்தவர்கள். பின்வரிசையில் இந்துவான முத்துகிருஷ்ணன்கூட உட்கார்ந்திருந்தார். சாமியார் மெயின்லேண்டிலிருந்து மாற்றலாகி வந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. ஓலையை வாசித்து, இந்தத் திருமணத்துக்குத் தடை ஏதும் அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று முடித்தார். ஜோஸ்லின் முன் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழப்போனாள். அவளுக்கு முன்னால் ரீத்தா எழுந்துவிட்டாள்.

"நாந்தான் சாமி வெட்டுனேன்."

சாமியாருக்கு ஒன்றும் புரியவில்லை. "எதைம்மா வெட்டுனீங்க?"

"எம் மவள."

ரீத்தா பீடத்தைப் பார்த்தபடியே பேசினாள், யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் பிறந்த ஊரில் முதல் ஓலை வாசித்துவிட்டால் மூன்றாம் ஓலை முடிகிறவரை பெண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து கண்ணில் படக்கூடாது. பட்டால் கண்பட்டுவிடும். "எனக்கு முதல்ல ஒரு எடத்துல ஓலை வாசிச்சாவ. நான் யாரு பேச்சும் கேக்காம, அந்த வாரமே அந்த மாப்பிள்ளை கூட ஸ்டூடியோவுக்குப் போயி படத்துக்கு நின்னேன். ரெண்டாம் ஓலைக்கு அவரு இல்ல. கடலுக்குப் போனவரு வரல." ஞாயிறு சாயங்காலம் பென்னி போட்ட படத்தில் மகளும் மருமகனும் கைகோத்து நிற்பதைப் பார்த்ததும் தனக்கு அந்த ஸ்டூடியோ படம்தான் ஞாபகம் வந்தது என்றாள். அதை அழித்துவிட்டு, மகளை ஒதுக்கித் திரும்பப் போட்டாளாம். மூன்றாம் ஓலை முடிந்ததும் பழையபடி போட்டுவிடலாம் என்று நினைத்தாளாம். ஒதுக்கியது கரையில் ஒதுங்கும் என்பது அந்த நேரத்தில் தோன்றவில்லை. தோன்றியபோது வேறு ஒருவர்மேல் பழி சொல்லியாகிவிட்டது. மறைக்க அவளுக்குக் காரணமும் இருந்தது: வெட்டியதைச் சொன்னால் அந்த முதல் ஓலையையும் சொல்ல வேண்டும், இருபத்தேழு வருடமாக வேதநாயகத்துக்கு அது தெரியாது.

தடை ஏதும் இல்லை என்று சாமியார் தீர்த்தார். பென்னி புதன்கிழமையே வந்தான். ஜோஸ்லினின் வலது கையை எடுத்து, விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தான். அவனுடைய அம்மா போனில் பேசி, காப்பியைப் பற்றி மன்னிப்புக் கேட்டாள். அக்டோபர் இருபத்தெட்டாம் தேதி கல்யாணம் நல்லபடியாக நடந்தது. பூந்தொட்டிகளும் வந்திருந்தன.

ஊரைவிட்டுக் கிளம்பிய சந்தேகம் வேதநாயகத்தின் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. கல்யாண வேலை எல்லாவற்றையும் அவர் குறைவில்லாமல் செய்தார், மனைவியிடம் மட்டும் பேசவில்லை. வருடா வருடம் கல்லறைத் திருநாளன்று, இங்கே தங்களுக்குக் கல்லறை இல்லாததால், ரீத்தா கடற்கரையில் மெழுகுவர்த்தி ஏற்றுவாள். அவளுடைய அப்பா, அம்மா, அவருடைய அப்பா, அம்மா என்று நான்கு. ஐந்தாவதாக ஒன்றையும் ஏற்றுவாள், பேரில்லாத ஆத்துமாக்களுக்கு என்பாள். இந்த வருடமும் ஏற்றினாள். வேதநாயகம் தள்ளி நின்று அந்த ஐந்தாவதையே பார்த்தார். அவருக்கு எரிந்தது. செத்த ஆளோடு சண்டை போட முடியாது என்பதுதான் அதில் பெரிய கஷ்டம். இருபத்தேழு வருடம் ஒரே தட்டில் சாப்பிட்டது பொய்யோ என்றுகூட நினைத்தார், நினைத்துவிட்டுத் தன்மேலேயே கோபப்பட்டார். கடலைப் பார்த்துக்கொண்டு அவள் சும்மா நின்ற ஒவ்வொரு சாயங்காலத்தையும் ஞாபகப்படுத்தி எடுத்து, அவனுக்காகவா தனக்காகவா என்று பிரித்துப் பார்த்தார். எதுவும் பிரியவில்லை.

நவம்பர் பதினான்காம் தேதி வியாழக்கிழமை காலை அவருடைய படகடியில் ஒரு ஓரம் ஒதுங்கியது. அது ஒரு சாண்தான் இருந்தது. கறுப்பு வெள்ளைக்குக் கையால் வண்ணம் தீட்டியதுபோல் மங்கல். கடன்வாங்கிய சட்டையின் காலர் கழுத்துக்குப் பெரிதாக இருக்க, அரும்பு மீசையோடு ஒரு பையன் ஸ்டூடியோத் திரைக்கு முன்னால் விறைத்துக்கொண்டு நின்றான். இருபத்திரண்டு வயதுக்குமேல் இருக்காது. போன் அறுக்கிற விளிம்பு நேராக இருக்கும், இதன் விளிம்பு கோணல். கத்தரிக்கோல் மூன்று இடத்தில் நின்று நின்று போயிருந்தது. வேதநாயகம் தண்ணீர் முழங்காலுக்கு ஏறுகிறவரை அங்கேயே நின்றார், பிறகு அன்றைக்குத் தொழிலுக்குப் போகாமல் வீட்டுக்குத் திரும்பினார்.

ரீத்தா அரிசி களைந்துகொண்டிருந்தாள். அவர் அதை அவள் முன்னால் வைத்தார். இருபத்தைந்து நாளுக்குப் பிறகு அவளிடம் பேசிய முதல் பேச்சு இதுதான்.

"எப்ப வெட்டுனது?"

அவள் ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, தொடாமல் பார்த்தாள். "கப்பல்ல வரும்போது. மூணாம் நாள். நீங்க தூங்கிக்கிட்டு இருந்திய. எம் பக்கத்தை வச்சுக்கிட்டு, இதைக் கடல்ல போட்டேன்."

"கோணிக்கிட்டுப் போயிருக்கே."

"கப்பல் ஆடுச்சு."

வேதநாயகம் கடல்காரர். அந்த மூன்றாம் நாள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. கடல் அசையவே இல்லை. புதுப்பெண்டாட்டியோடு வருகிறோம், கடலும் நமக்கு அனுசரணையாக இருக்கிறது என்று அவர் அன்றைக்குச் சந்தோஷப்பட்டவர். ஆடியது கை என்று இப்போது தெரிந்தது. அழுதுகொண்டே அறுத்திருக்கிறாள், அறுத்துக் கடலில் போட்டுவிட்டு வந்து அவர் பக்கத்தில் படுத்திருக்கிறாள். அவருக்கு அந்தப் பையன்மேல் இருந்த கோபம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. பாவமாக இருந்தது, அவனைப் பார்க்க, அவளைப் பார்க்க. கடல் அன்றைக்கு அசையவில்லை என்பதை அவர் சொல்லவில்லை. இன்றுவரை சொன்னதில்லை.

"பேரு என்ன?" என்று கேட்டார்.

"சந்தியாகு."

அவர் அந்தப் பெயரை ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்துவந்து, ஜோஸ்லினின் கல்யாணப் படத்துக்குப் பக்கத்தில் ஓர் ஆணி அடித்து அதை மாட்டினார். இப்போதும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் இந்தப் பையன் யார் என்று கேட்பார்கள். "சந்தியாகு. ரீத்தாவுக்கு வேண்டியவரு. கப்பல் லேட்டு" என்பார் வேதநாயகம். இந்தத் தீவுகளில் கப்பல் லேட்டு என்றால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்பதில்லை.